அயலானே ஜாமீன்: ரைஃபைசன் கண்ட கிராமச் சங்கம்

கடன் சங்கத்தின் எல்லை ஏன் ஒரு கிராமத்தோடு நிற்க வேண்டும்? கடன் வாங்குபவனுக்கு அவனுடைய அயலான் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்? கிடைத்த லாபம் முழுவதையும் பங்கிட்டுக் கொள்ளாமல் ஒரு பகுதியைச் சேமநிதியில் ஏன் சேர்க்க வேண்டும்? சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அங்கத்தினர்கள் இக்கேள்விகளைக் கேட்பதுண்டு. சட்டம் அவ்வாறு கூறுகிறது என்று விடை சொல்லிவிட்டு அடுத்த பேரேட்டைப் புரட்டிவிடலாம். ஆனால் அது விடையாகாது. சட்டம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஜெர்மனி தேசத்து மலைநாடொன்றில், கிறிஸ்தவ நம்பிக்கை மிகுந்த ஓர் ஊர்த்தலைவர் தம் மக்கள் நிலத்தை இழவாமல் நிலத்தோடு வாழ வழி தேடினார். அத்தேட்டத்தில் பிறந்தவையே இவ்விதிகள். அவை பிறந்த கதையை அறிந்தால் அவற்றின் பொருளும் விளங்கும்.

மலைநாட்டுக் குடியானவர்கள்

ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டுப் பகுதி உள்ளது. குளிர் மிகுந்தது, மண்வளம் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கிருந்த குடியானவர்கள் பழைய பிரபுக்களின் பிடியிலிருந்து விடுபட்டுத் தங்கள் நிலத்துக்குத் தாங்களே உரியவர்களாகி வந்தனர். ஆனால் சுதந்திரம் வந்த அளவுக்குக் கையில் முதல் வரவில்லை. தந்தையின் நிலம் பிள்ளைகளிடையே பாகமாகிப் பாகமாகச் சிறுத்தது. ஒரு பசு இறந்தாலும், ஓராண்டு விளைச்சல் பொய்த்தாலும், கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. பட்டணத்து வங்கிகள் சிறு குடியானவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஊருக்கு வரும் வியாபாரி கடன் கொடுத்தான். மாட்டையும் அவனே கடனுக்கு விற்றான். வட்டியும் விலையும் அவன் சொன்னவையே. இறுதியில் நிலம் ஏலத்துக்கு வரும். குடும்பம் ஊரைவிட்டுப் போகும். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் பலர். நம் நாட்டுக் குடியானவனுக்கும், நூல் கடனில் அகப்பட்ட நெசவாளனுக்கும் இக்கதை புதிதன்று.

ரைஃபைசன் என்பவர்

இந்நாட்டில் ஹம் என்னும் ஊரில் 1818-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் பிறந்தார். குடும்பம் பெரியது, வசதி குறைவு. உயர்கல்வி பெற வாய்ப்பில்லாத அவருக்கு ஊர்ப் பாதிரியாரே ஆசானாக அமைந்தார். வேதப் பயிற்சியும் பிறர்பால் அன்பும் அங்கிருந்தே அவருக்குக் கிட்டின. பதினேழாம் வயதில் இராணுவத்தில் சேர்ந்தார். கண்ணோய் வந்ததால் அவ்வேலையை விட நேர்ந்தது. பிறகு அரசாங்க அலுவலில் அமர்ந்து, 1845-இல் வையர்புஷ் என்னும் பகுதிக்குத் தலைவரானார். பல சிற்றூர்கள் அடங்கிய பகுதி அது.

அடுத்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் ஊரெங்கும் பசி. அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ரொக்கம் இருப்பவனுக்குப் பசி ஏது? ரைஃபைசன் அந்நிபந்தனையை மீறி ஏழைகளுக்குக் கடனாக மாவு வழங்கினார். ஊரில் வசதியுள்ளவர்களை ஒன்றுகூட்டி, அவர்கள் அளித்த பணத்தைக் கொண்டு தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவான அடுப்பொன்று கட்டி, சந்தை விலைக்குக் குறைவாக ரொட்டி கிடைக்கச் செய்தார். அறுவடைக்குப் பின் மக்கள் கடனைத் திருப்பினர். குடியானவனுடைய வாக்கு நம்பத்தக்கது என்பதை அவ்வடுப்பு அவருக்குக் காட்டியது.

தர்மம் தளர்ந்த இடம்

1848-இல் அவர் ஃபிளாமர்ஸ்ஃபெல்டு பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே மாட்டு வியாபாரிகளிடம் பட்ட கடனே பெருந்துன்பமாக இருந்தது. 1849-இல் வசதியுள்ள அறுபது பேர் சேர்ந்து, தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைத்துப் பணம் திரட்டினர். அப்பணத்தில் மாடுகள் வாங்கி ஏழைக் குடியானவர்களுக்குத் தவணைக் கடனில் கொடுத்தனர். 1852-இல் ஹெடஸ்டார்ஃப் பகுதிக்குச் சென்ற ரைஃபைசன், 1854-இல் அங்கு ஒரு தர்ம சங்கம் நிறுவினார். கடன் கொடுப்பதோடு, ஆதரவற்ற சிறுவர்களைப் பேணுவது, சிறையிலிருந்து மீண்டோருக்கு வேலை தேடித் தருவது, நூல்நிலையம் அமைப்பது ஆகியவையும் அதன் நோக்கங்கள்.

நோக்கம் உயர்ந்தது, ஆனால் நெடுநாள் நிற்கவில்லை. கொடுப்பவர்கள் ஒரு கூட்டம். பெறுபவர்கள் மற்றொரு கூட்டம். தமக்கு எப்பயனும் இல்லாமல் சொத்தைப் பொறுப்பாக வைத்தவர்கள் சில ஆண்டுகளில் சலித்தனர். பெறுபவர்களுக்கோ சங்கத்தின் நன்மை தீமையில் பங்கில்லை. ஆகவே அக்கறையும் இல்லை. தர்ம குணம் ஒன்றையே அடித்தளமாக வைத்துச் சங்கத்தை எழுப்ப வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவர் ரைஃபைசன். அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திராது. ஆயினும் மாற்றிக்கொண்டார். 1864-இல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கத்தைப் புதிதாக அமைத்தபோது, கடன் வேண்டுபவன் அங்கத்தினனாக வேண்டும், பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று விதித்தார். கைநீட்டி நின்றவன் அன்று சங்கத்தின் உடைமையாளன் ஆனான். கூட்டுறவு தர்மத்திலிருந்து பிரிந்த இடம் இதுவே.

விதிகளின் உட்பொருள்

பார்வை மங்கி, உடல்நலமும் குன்றி, 1865-இல் அவர் பதவியிலிருந்து விலகினார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகள் அமாலியா உடனிருந்து எழுத்து வேலைகளில் உதவினார். 1866-இல் கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதன்பின் அவருடைய முறை பரவியது. அம்முறையின் முக்கிய விதிகள் இவை:

முதலாவது, சங்கத்தின் எல்லை ஒரு கிராமம் அல்லது ஒரு கோயிற்பற்று. ஞாயிறுதோறும் ஒரே தேவாலயத்தில் கூடுபவர்கள் ஒருவரையொருவர் அறிவர். யார் உழைப்பாளி, யார் குடிகாரன், யார் வீட்டில் நோய் என்பது விண்ணப்பத்தில் எழுதப்படாமலே பஞ்சாயத்தாருக்குத் தெரியும்.

இரண்டாவது, வரையறையற்ற பொறுப்பு. சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தினனும் தன் சொத்து முழுவதாலும் பொறுப்பாளி. இது அச்சந்தரும் விதியே. ஆனால் அவ்வச்சமே காவலாகவும் நின்றது. அயலான் வாங்கிய கடன் மாடாயிற்றா, மதுவாயிற்றா என்று ஒவ்வொருவனும் கவனித்தான். சொன்ன காரியத்துக்குச் செலவிடாதவனிடமிருந்து கடன் திரும்பக் கேட்கப்பட்டது. மேலும், தனியொருவனை நம்பாத பட்டணத்துப் பணம், ஊர் முழுவதும் பொறுப்பேற்றபோது நம்பி வந்தது.

மூன்றாவது, லாபம் பிரிக்கப்படாத பொதுநிதியாகச் சேரும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டும் உண்டு. பங்குத்தொகை கட்ட வல்லவனே சேரலாம் என்றால் ஏழை வெளியே நிற்பான் என்பதால், பங்கு மூலதனம் வேண்டாம் என்றே ரைஃபைசன் வாதாடினார். சட்டம் வற்புறுத்திய பிறகு அவருடைய சங்கங்களில் பங்கு மிகச் சிறிய தொகையாக வைக்கப்பட்டது.

நான்காவது, கடனின் தவணை நிலத்தின் தவணையோடு பொருந்த வேண்டும். விதைக்கு வாங்கியதை அறுவடையிலும், மாட்டுக்கு வாங்கியதைச் சில ஆண்டுகளிலும் திருப்பலாம்.

பயிர்த்தொழில் அவருக்கு வருமானம் தரும் தொழில் மட்டுமன்று. குடும்பமும் நிலமும் ஊரும் தேவாலயமும் இணைந்த வாழ்க்கை முறை அது. அயலானை நேசி என்ற கிறிஸ்தவ போதனையை அவர் பிரசங்கமாக நிறுத்திவிடவில்லை. பேரேடாகவும், மகாசபையாகவும், ஜாமீன் பத்திரமாகவும் ஆக்கினார். கத்தோலிக்கப் பாதிரிமாரும் புரொட்டஸ்டண்டுப் பாதிரிமாரும் தத்தம் ஊர்களில் இச்சங்கங்களுக்குத் துணை நின்றனர்.

நெசவாளர் அறிய வேண்டிய மற்றொரு முறை

அக்காலத்திலேயே ஷூல்ஸே டெலிட்ஷ் என்பவர் பட்டணத்துக் கைத்தொழிலாளருக்காக வேறொரு முறையை வகுத்தார். 1849-இல் டெலிட்ஷ் நகரில் தச்சர்களும் செருப்புத் தைப்போரும் மூலப்பொருளை மொத்தமாக வாங்கச் சங்கம் அமைத்தனர். பங்கு மூலதனம், குறுகியகாலக் கடன், அகன்ற எல்லை ஆகியவை அவருடைய கொள்கைகள். குறுகிய காலத்துக்கு வந்த வைப்புத் தொகையை நீண்டகாலக் கடனாகக் கொடுப்பது ஆபத்து என்று அவர் ரைஃபைசனைக் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. சிறு சங்கங்கள் தனித்து நின்றால் தாங்கமாட்டா என்பதை உணர்ந்த ரைஃபைசன், 1872-இல் நாய்வீடு நகரில் மத்திய வங்கியொன்றைத் தோற்றுவித்தார். நூல் வாங்கித் துணி விற்கும் நம் நெசவாளர் சங்கத்துக்கு ஷூல்ஸேயின் வழி நெருங்கியது. ஏர் பிடிப்போரின் கடன் சங்கத்துக்கு ரைஃபைசனின் வழி நெருங்கியது.

ரைஃபைசனிடம் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கடன் கொடுக்கும் யூதர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்காலத்துத் துவேஷம் கலந்திருந்தது. அயலானை நேசிக்கச் சொன்னவர், அயலானின் வட்டத்தைச் சில வேளைகளில் குறுக்கியே வரைந்தார். இக்குறையை நாம் மறைக்கவும் கூடாது, பின்பற்றவும் கூடாது. 1888-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் அவர் காலமானார்.

சென்னை ராஜதானிக்கு வந்த வழி

சென்னை ராஜதானியில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். இந்நாட்டுக்கு ஏற்றது ரைஃபைசனின் வழியே என்பது அவருடைய முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பும் சேமநிதியும் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் கடன் சங்கம் தோன்றியது.

விதிகள் வந்தன, விதிகளைப் பெற்றெடுத்த அனுபவம் வரவில்லை. ஜெர்மனியில் ஊரார் தாமே தவறிக் கற்றதை, இங்கே சர்க்கார் மேலிருந்து வழங்கியது. 1954-இல் வெளியான அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வின்படி, 1951-52-இல் விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதமே, லேவாதேவிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். சிறிய சங்கம் பயனற்றது, பெரிய சங்கமும் வரையறுத்த பொறுப்பும் வேண்டும் என்று அவ்வாய்வுக் குழு கூறியது. 1958-இல் தேசிய அபிவிருத்திக் குழுவோ கிராம சமூகமே சங்கத்தின் அடிப்படை என்று மீண்டும் தீர்மானித்தது. எல்லை பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் முன் உள்ள கேள்வி

ஒரு கிராமச் சங்கத்தில் கணக்குகளைச் சரிபார்த்தபோது ஒரு கடனுக்கு ஜாமீன் நின்றவரை அழைத்துப் பேசினேன். பத்திரம் ஒழுங்காக இருந்தது, கையொப்பமும் அவருடையதே. கடன் எதற்காக வாங்கப்பட்டது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் அவர்கள். பேரேட்டில் பிழையில்லை, ஆனால் சங்கம் அங்கு இல்லை. இன்று நகையை அடகு வைத்துக் கடன் பெறுவோர் பலர். அவசரத்துக்கு அது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நகைக்கு அயலான் வேண்டியதில்லை. அயலானுக்கும் அக்கடனில் அக்கறையில்லை. நகையில்லாதவன் எங்கே போவான்?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ரைஃபைசனின் ஊர் ஒரே தேவாலயத்தில் கூடியது. நம் ஊர் பல தெருக்களாகவும் பல சாதிகளாகவும் பிரிந்து கிடக்கிறது. சங்கத்தின் எல்லை ஊர் என்று துணைவிதியில் எழுதிவிட்டு, சேரியில் உள்ளவனையும் குத்தகைக்கு உழுபவனையும் வெளியே நிறுத்தினால், அது அரை ஊரின் சங்கமே. நிலத்தோடு வாழும் சமூகம் என்பது நிலம் உடையவர்களின் சமூகம் மட்டுமன்று. நிலத்தில் உழைக்கும் அனைவரின் சமூகம்.

வரையறையற்ற பொறுப்பைச் சட்டத்தில் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் கூறவில்லை. அது பிறப்பித்த அக்கறையைச் சட்டமின்றியே நாம் கைக்கொள்ளலாம். அடுத்த மகாசபைக்கு அங்கத்தினர்கள் தவறாது வந்து மூன்று கேள்விகள் கேட்கட்டும். இவ்வாண்டுக் கடன்கள் சொன்ன காரியத்துக்குப் பயன்பட்டனவா? நம் ஊரில் தகுதியிருந்தும் சங்கத்துக்கு வெளியே நிற்பவர் யார்? தவணை தவறியவர் வீட்டுக்கு நோட்டீசு போவதற்குமுன் நம்மில் எவரேனும் போனோமா?

இம்மூன்றுக்கும் விடை தேடும் ஊரில் ஒரு குடும்பம் கடனால் நிலத்தையோ தறியையோ இழந்து வெளியேறுவது அரிதாகும். பசிக்கு ரொட்டி சுட்ட அந்த ஊர்த்தலைவர் விரும்பியதும் அவ்வளவே.