எத்தனை போதகர் இறப்பார்கள்? இருபத்தேழு!

ஒரு போதகர் எப்போது இறப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 930 பேரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்துப் போதகர்களின் விதவையர் நிதி 1744-இல் இந்த நம்பிக்கையில்தான் பிறந்தது.

நிதியைத் தொடங்கிய ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் இருவருமே போதகர்கள். ஊர் ஊராக விவரம் திரட்டினார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 27 சாவு. அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்வார்கள் என்று தெரிந்தது. கணக்கைச் சரிபார்த்தவர் கணித மேதை காலின் மெக்லாரின்.

சிக்கல் அந்த 18 அல்ல. ஒவ்வொரு விதவையும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதுதான். உதாரணத்துக்குச் சராசரி 20 ஆண்டு என்றால், ஒரே நேரத்தில் 360 பேருக்குப் படியளக்க வேண்டும்! போதகர்கள் கட்டும் சந்தாவை அப்படியே எடுத்துக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் முதலைத் திரட்டி, வட்டி ஈட்டினார்கள்.

குறைந்த சந்தா ஆண்டுக்கு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ். கணவர் இறந்தபின் மனைவிக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. அதிகம் கட்டியவரின் மனைவிக்கு 25 வரை.

1765-இல் நிதியில் 58,348 பவுண்டு இருக்கும் என்று கணித்தார்கள். இருந்தது 58,347.