அரசு லேப்டாப்பின் மறந்துபோன பாதி

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் மாணவர்களின் கைக்கு அந்த லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் ஏறின. காபித் தோட்ட வேலையையும் மிளகுக் கொடியையும் நம்பி வாழும் வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான்.

அதை வாங்கியவர்களில் பலர் கவனிக்காமலே விட்ட சங்கதி ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்; அதோடு பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்த லேப்டாப்புகளைக் கொள்முதல் செய்த மாநில அரசின் எல்காட் நிறுவனத்துக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே, 2007 வாக்கில், அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். 'டூயல் பூட்' என்ற ஏற்பாட்டை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு ஏழை வீடுகள் வரை கொண்டுபோனது நம் மாநிலம். எனக்கு இதில் பெருமை உண்டு. அந்த இரண்டாவது பாதியை யாருமே சொல்லித்தரவில்லையே என்ற ஆற்றாமையும் அதே அளவு உண்டு.

பல லேப்டாப்புகளில் அது காணாமல் போன விதம் எளிது. வைரஸ் வந்துவிட்டது, ஓடவே மாட்டேன் என்கிறது என்று மலையிலிருந்து கீழே கொண்டுபோவார்கள். கடையில் 'ஃபார்மட்' அடித்து விண்டோஸை மறுபடி போட்டுத் தருவார்கள். விண்டோஸ் தன்னை நிறுவிக்கொள்ளும்போது, டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் பூட் பகுதியைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் 'கிரப்' மெனு அதோடு மறைந்துவிடும். பாஸ் டிஸ்க்கிலேயே இருந்தாலும் அதற்குப் போக வழி இருக்காது.

இப்போது நிலைமை தலைகீழ். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14 அன்றே நின்றது. திட்டத்தின் கடைசி ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகளில் இருக்கும் விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று கெடு முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 சிப்பும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும். பழைய அரசு லேப்டாப்புக்கு அது எட்டாக்கனி. அன்று சீந்துவாரில்லாமல் கிடந்த பாதிதான் இன்று அந்த இயந்திரத்துக்கு உயிர் கொடுக்கும்.

நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அந்த லேப்டாப் அக்கா பிளஸ் டூவில் வாங்கியது. இப்போது தம்பி பிளஸ் ஒன். பேட்டரி செத்துவிட்டதால் சார்ஜர் ஒயரிலேயே ஓடுகிறது. ஆன் செய்ததும் பயாஸில் தேதி 2011 என்று காட்டியது. "நெட்டு கனெக்ட் ஆவுது, ஆனா எந்த சைட்டும் திறக்கலைண்ணா" என்றான் பையன். கூட வந்த நண்பர் சிரித்துக்கொண்டே, "தேதிய பாரு தம்பி. பதினாலு வருசம் பின்னாடி இருந்தா எந்த சைட்டுடா உன்ன நம்பும்?" என்றார். போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கடிகாரம் தப்பாக இருந்தால் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. இந்த ஒரே காரணத்துக்காக எத்தனை லேப்டாப்புகள் 'கெட்டுப்போனவை' என்று பரண் ஏறினவோ!

அடுத்த சிக்கல் டிஸ்க்கில். அந்தக் காலத்து எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. கம்பெனியின் ரெக்கவரி ஒன்று, விண்டோஸ் பூட் பகுதி ஒன்று, சி, டி என்று நாலும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஐந்தாவதுக்கு இடமில்லை. டி-யில் இருந்த கல்யாண போட்டோக்களைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, டி-யை அழித்து, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் போட்டு, அதற்குள் லினக்ஸுக்கு 40 ஜிபி ஒதுக்கினார் நண்பர். மீதியை இரண்டு இயங்குதளமும் படிக்கக்கூடிய பொது இடமாக விட்டார். முதலில் காப்பு எடுப்பது, பிறகுதான் டிஸ்க்கில் கை வைப்பது. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

போட்டது டெபியன் 12, லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன். அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. விண்டோஸ் ஏற்கெனவே இருப்பதை இன்ஸ்டாலரே கண்டுபிடித்து மெனுவில் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு என்று சொல்வது இதனால்தான். இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் மட்டுமே. 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அதற்குப் பயன்படாது. வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது. ஆனால் உள்ளே இருந்த பிராசஸர் 64 பிட். பழைய ரேம் ஒன்று சேர்த்து 4 ஜிபி ஆக்கியதும் லினக்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்த வன்பொருளின் பாதித் திறனை இத்தனை வருடம் ஒரு லைசென்ஸ் பூட்டி வைத்திருந்தது.

இரண்டையும் வைத்துக்கொள்வதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. லினக்ஸிலிருந்து வெளியேறி விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கடிகாரத்தில் எழுதுவதால் வரும் தகராறு இது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும்.

பழைய விண்டோஸை ஏன் வைத்திருக்க வேண்டும், அழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அழிக்கச் சொல்லமாட்டேன். அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்களும், அச்சகங்களில் பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகைகளும் யூனிகோடுக்கு முந்தைய உலகம். அந்த எழுத்துருவும் மென்பொருளும் இல்லாமல் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். அதற்காக அந்தப் பாதி இருக்கட்டும். இணையத்தை மட்டும் அதில் இணைக்கக் கூடாது.

மலையில் இணையம் விட்டுவிட்டு வருகிறது. மழை நாட்களில் கரண்ட்டும் அப்படியே. அந்தப் பையனின் பொது பார்ட்டிஷனில் பாடநூல் கழகப் புத்தகங்களின் பிடிஎஃப், கிவிக்ஸ் என்ற ஆஃப்லைன் மென்பொருள் வழியாக முழுத் தமிழ் விக்கிப்பீடியா, லினக்ஸில் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஏற்றினோம். ஒன்றுக்கும் நெட் தேவையில்லை. லினக்ஸைத் தமிழில் கற்க விரும்புகிறவர்களுக்கு 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. அதில் எழுதிய நித்யாவின் எளிய தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே சொன்னது. அலுவலகங்களுக்குச் சொன்னதை மாணவர்களுக்கும் சொல்லியிருக்கலாம். 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்திருக்கிறார்கள். மடிக்கணினி ஒவ்வொன்றோடும் இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழில் கொடுக்க வேண்டும். லினக்ஸைத் திறப்பது எப்படி, தமிழ்க் கீபோர்டு எங்கே இருக்கிறது, ஃபார்மட் அடித்த பிறகு கிரப்பை மீட்பது எப்படி என்று அதில் இருந்தால் போதும். பழைய லேப்டாப்புகளுக்காக ஏற்காடு வட்டார அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு சனிக்கிழமை முகாம் போடலாம். தேவைப்படுவது நாலைந்து பென் டிரைவ், ஒரு பை நிறைய நாணய பேட்டரி, விஷயம் தெரிந்த இரண்டு பேர்.