மீன்தொட்டியில் அம்மோனியா ஏறுவது ஏன்?

மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே நீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் அழுகும் தீனியும் அதைக் கூட்டும். பழகிய தொட்டியில், ஃபில்டர் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நிறைத்துவிடுவதுதான் வழக்கமான அவசரம்.

நஞ்சின் கடுமை பி.எச். அளவைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் சுமார் 5 சதவீதம்.

செவுள் சிவந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து திணறினால், தீனியை நிறுத்திப் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். புது நீரில் குளோரின் இருக்கக் கூடாது. பதற்றத்தில் பஞ்சையும் குழாய்நீரில் அலசினால், காப்பாற்ற வேண்டிய பாக்டீரியாக்களே போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும்.