48 கோடி எப்போது 40 கோடி ஆகிறது? மின் நிறுவனங்களும் ‘நியாய மதிப்பு’ம்

மின் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். முன்னால் இருக்கும் பளபள படங்களையும் தலைவர் உரையையும் தள்ளிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளுக்கு நேராகப் போய்விடுவேன். அதில் ‘நியாய மதிப்பு அளவீடு’ என்று ஒரு பகுதி வரும். ஒரு அட்டவணை, அதில் நிலை 1, நிலை 2, நிலை 3 என்று மூன்று பத்தி, கீழே நாலு வரி விளக்கம். புரட்டிவிட்டுப் போகத் தோன்றும் பக்கம்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் சொத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அனுமானம் என்று அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ‘நிதிச் சொத்து’ எது என்று பார்த்துவிடலாம். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையில் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. அது சொத்துதான், ஆனால் நிதிச் சொத்து இல்லை. கட்டடமும் இயந்திரமும் வேறு கணக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டருக்கும் தெருவிளக்கு எரிகிறதே, அதற்கு உள்ளாட்சி அமைப்பு கட்ட வேண்டிய பில் பாக்கி இருந்தால், அந்தப் பாக்கி மின் நிறுவனத்துக்கு நிதிச் சொத்து. இன்னொருவரிடமிருந்து பணம் வாங்கும் உரிமை, கையிருப்புப் பணம், மற்ற கம்பெனிகளின் பங்குகள், பத்திரங்கள், ஊழியர்களுக்குக் கொடுத்த கடன் எல்லாமே இந்த வகை.

அடுத்தது ‘நியாயம்’ என்ற சொல். இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இந்தியக் கணக்கியல் தரம் இண்ட் ஏஎஸ் 113 சொல்வது இதுதான்: கணக்கெடுக்கும் நாளில், சந்தையில் ஒழுங்காக நடக்கும் ஒரு பரிமாற்றத்தில், அந்தச் சொத்தை விற்றால் கிடைக்கும் விலை. வாங்கிய விலை இல்லை, விற்கிற விலை.

தேரடி வீதியில் ஒரு கடையில் மோதிரம் வாங்குகிறீர்கள். தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். அன்று சாயங்காலமே அதைத் திருப்பிக் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. அந்த இரண்டாவது எண்தான் நியாய மதிப்பு. விற்கும் எண்ணமே உங்களுக்கு இல்லாவிட்டாலும், மார்ச் 31 அன்று கணக்கு எழுதும்போது அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும்.

‘ஒழுங்காக’ என்பதற்கும் அர்த்தம் இருக்கிறது. நாளைக்குள் பணம் வேணும் என்று ஒருவர் நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டால் அது நியாய மதிப்பு ஆகாது. ஆனால் கார்த்திகை தீபத்தன்று லாட்ஜ் வாடகை பல மடங்கு ஏறுகிறதே, அது? வாடிக்கையாளர் பார்வையில் அநியாயம். கணக்காளர் பார்வையில், கேட்பவரும் கொடுப்பவரும் கட்டாயமில்லாமல் ஒத்துக்கொண்ட அன்றைய சந்தை விலை. இந்த ‘நியாய’த்துக்கும் தர்ம நியாயத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழில் வேறு சொல் வைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி அந்த மூன்று நிலைகள்.

நிலை 1 சுலபம். பங்குச் சந்தையில் தினமும் விலை தெரிகிற சொத்து. நல்ல உதாரணம் பிடிசி இந்தியா. மின்சாரத்தை வாங்கி விற்கும் இந்தக் கம்பெனியை 1999-இல் தொடங்கிய அரசு நிறுவனங்களான என்டிபிசி, பவர் கிரிட், என்ஹெச்பிசி, பிஎஃப்சி நான்கும் தலா 1 கோடியே 20 லட்சம் பங்கு வைத்திருக்கின்றன. மார்ச் 31 அன்று சந்தை மூடும்போது என்ன விலையோ, அதை 1.2 கோடியால் பெருக்கினால் வேலை முடிந்தது. விலை 10 ரூபாய் ஏறினால் 12 கோடி கூடும். வேடிக்கை என்னவென்றால், என்டிபிசியில் இந்த 12 கோடி லாபக் கணக்குக்கு வராது. ‘பிற முழுமை வருமானம்’ என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போய் உட்காரும். நாளைக்கே பங்கை விற்றாலும் அந்தத் தொகை லாபநட்டக் கணக்குக்குத் திரும்பி வராது. முதலீட்டை வாங்கும்போதே நிறுவனம் அப்படித் தேர்ந்தெடுக்கத் தரம் இடம் கொடுக்கிறது. மின்சாரம் விற்கிற கம்பெனியின் லாபம் பங்குச் சந்தையோடு சேர்ந்து ஆட வேண்டாம் என்பது நோக்கம். சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

நிலை 2 என்பது, அந்தச் சொத்துக்கே நேரடி விலை இல்லை, ஆனால் கணக்கிடத் தேவையானவை சந்தையில் தெரிகின்றன என்ற நிலை. ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கொடுத்த வீட்டுக் கடனைச் சொல்லலாம். வங்கியில் அதே கடனுக்கு என்ன வட்டி என்பது ஊரறிந்தது. அந்த வட்டியை வைத்துக் கழித்துப் பார்த்தால், கொடுத்த தொகையைவிடக் குறைவான ஒரு மதிப்பு வரும். வித்தியாசம் ஊழியருக்குக் கொடுத்த சலுகை.

நிலை 3-இல்தான் வம்பு. சந்தையும் இல்லை, சந்தையில் தெரியும் எண்ணும் இல்லை. நம் மின்வாரியத்தையே எடுப்போம். 2010-இல் வாரியம் பிரிந்தபோது டான்ஜெட்கோ வந்தது, 2024-இல் அது மறுபடி பிரிந்து விநியோக நிறுவனம் டிஎன்பிடிசிஎல் ஆனது. தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் அனல் நிலையம் நடத்தும் என்டிபிஎல் நிறுவனம் என்எல்சிக்கு 89, டான்ஜெட்கோவுக்கு 11 சதவீதம் என்ற பங்கீட்டில் உருவானது. பங்குச் சந்தையில் என்டிபிஎல் இல்லை. அந்த 11 சதவீதம் இன்றைக்கு எவ்வளவு பெறும்?

பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்து, நிர்வாகத்தில் பெரிய செல்வாக்கும் இல்லையென்றால், இண்ட் ஏஎஸ் 109-இன்படி அப்படிப்பட்ட முதலீட்டை நியாய மதிப்பில்தான் காட்ட வேண்டும். கையில் இருப்பது ஒரு கணிப்பு மட்டும்: இந்த நிலையம் வருடா வருடம் பங்குதாரருக்கு எவ்வளவு சம்பாதித்துத் தரும், அதை இன்றைய பணத்தில் எவ்வளவு என்று சொல்லலாம்.

முதல் பாதிக்குப் பதில் ஓரளவு தெரியும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், இப்படிப்பட்ட அனல் நிலையங்களுக்குப் போட்ட முதலுக்கு 15.5 சதவீத வருமானம் என்று நிர்ணயித்திருக்கிறது. 100 ரூபாய் முதலுக்கு வருடம் 15 ரூபாய் 50 காசு. பிரச்சினை இரண்டாவது பாதி. வாங்க வருபவர் எவ்வளவு வருமானம் எதிர்பார்ப்பார்? புரிவதற்காக, அந்த வருமானம் என்றென்றும் வரும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 12.5 சதவீதம் போதும் என்றால் 100 ரூபாய் பங்கு 124 ரூபாய் பெறும். 15.5 கேட்டால் சரியாக 100. நிலக்கரிக்கு எதிர்காலமே இல்லை, 18 சதவீதமாவது வேணும் என்றால் 86. நிலையத்தில் ஒரு போல்ட்கூட மாறவில்லை, மதிப்பு 124-இலிருந்து 86-க்கு இறங்கிவிட்டது. நிஜக் கணக்கில் நிலையத்தின் ஆயுள், வரி, பராமரிப்பு எல்லாம் சேரும். ஆனால் அங்கும் விடையை அதிகமாக ஆட்டுவது அந்த ஒற்றைச் சதவீதம்தான். அதைத் தீர்மானிப்பது மதிப்பீட்டாளர். அதனால்தான் நிலை 3 சொத்துகளுக்கு மட்டும், அனுமானம் கொஞ்சம் மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதையும் குறிப்பில் எழுதச் சொல்கிறது தரம்.

சரி, ஒரு மின் நிறுவனத்தின் நிதிச் சொத்தில் பெரும்பங்கு பங்குகளா? இல்லை. வரவேண்டிய பாக்கி. இதற்குப் பொதுவாக நியாய மதிப்பு போடுவதே இல்லை. வசூலித்து எடுத்துக்கொள்வது மட்டுமே நோக்கம் என்பதால், பில் தொகையை அப்படியே எழுதி, அதில் வராமல் போகக்கூடியதை மட்டும் மதிப்பிட்டுக் கழிப்பார்கள். வீட்டு இணைப்பு என்றால் கவலையில்லை. பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், பணம் தானாக வரும். கடன்காரர் அரசாங்கமோ அரசு நிறுவனமோ ஆகும்போது இரண்டும் நடக்காது. ஃபியூஸைப் பிடுங்க முடியாது, அரசு ஏமாற்றிவிடும் என்று எழுதவும் முடியாது. 2017 ஜனவரி 9 அன்று உதய் திட்டத்தில் கையெழுத்திட்டபோது, டான்ஜெட்கோவின் 30,420 கோடி ரூபாய் கடனில் 75 சதவீதத்தை, அதாவது 22,815 கோடியை, தமிழக அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அரசு பின்னால் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே ‘இழப்பு இல்லை, தாமதம் மட்டும்தான்’ என்று கணக்கில் எழுதுவது எளிது.

ஆனால் தாமதமும் இழப்புதான். 2022-இல் அது எண்ணாகவே வெளியே வந்தது.

அந்த வருடம் ஜூன் 3-ஆம் தேதி மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளை அறிவித்தது. மாநில விநியோக நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுக்கு வைத்திருந்த பழைய பாக்கியை மாதத் தவணைகளாகப் பிரித்துக் கட்டலாம். பாக்கி பெரிதானால் தவணையும் கூடும், அதிகபட்சம் 48. தவணை தவறாமல் கட்டினால் அந்தத் தேதிக்கு மேல் தாமதக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடும் இதில் சேர்ந்தது. முதல் தவணை ஆகஸ்ட் 2022.

இப்போது உற்பத்தியாளர் பக்கம் போய் உட்காருங்கள். நீங்கள் ஒரு காற்றாலைக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு வர வேண்டியது 48 கோடி. இனி மாதம் 1 கோடி, 48 மாதம், வட்டி இல்லை. உங்கள் சொத்து இப்போதும் 48 கோடிதானா? உங்கள் காற்றாலைக் கடனுக்கு வங்கியில் வருடம் 9 சதவீதம், அதாவது மாதம் 0.75, வட்டி கட்டுகிறீர்கள். அடுத்த மாதம் வரும் 1 கோடி இன்றைக்கு 99.26 லட்சத்துக்குச் சமம். நாற்பத்தெட்டாவது மாதம் வரும் 1 கோடி இன்றைக்கு 69.86 லட்சம் மட்டுமே. எல்லாவற்றையும் கூட்டினால் 40 கோடியே 18 லட்சம். மீதி 7 கோடியே 82 லட்சத்தை யாரும் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, எந்த உத்தரவிலும் அப்படி ஒரு வரி இல்லை. காலம் தின்றுவிட்டது.

பழைய பாக்கியின் நிபந்தனைகள் அடியோடு மாறிவிட்டன என்றால், பழைய சொத்தைக் கணக்கிலிருந்து நீக்கி, புதியதை அன்றைய நியாய மதிப்பில் எழுத வேண்டும். அப்போது 7.82 கோடி அந்த வருடமே நட்டமாகும். அடுத்த நான்கு வருடங்களில் அது வட்டி வருமானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். முதல் மாதம் வரும் 1 கோடியில் சுமார் 30 லட்சம் வட்டி என்று எழுதப்படும். ஆகவே இப்படிப்பட்ட நிறுவனத்தின் பின்வருட லாபத்தில் ‘நிதி வருமானம்’ கூடியிருந்தால், காற்று நன்றாக வீசியது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அது பழைய பாக்கியின் மிச்சமாக இருக்கலாம்.

9-க்குப் பதில் 12 சதவீதம் போட்டால் அதே தவணைகள் 37 கோடியே 97 லட்சம்தான் பெறும். கடன்காரர் மாநில நிறுவனம், பின்னால் அரசு இருக்கிறது, 9 போதும் என்பார் ஒருவர். இத்தனை வருடம் இழுத்தடித்தவர்களுக்கு 12-ஆவது போடாமல் எப்படி என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால் இரண்டாமவர் பக்கம் சாய்வேன். ஆனால் கிடைக்காத பலாக்காயை விடக் கிடைத்த களாக்காய் மேல் என்று உற்பத்தியாளர்கள் தவணையை வரவேற்றதும் புரிகிறது. சின்னக் கம்பெனிகளுக்கு மாதாமாதம் பணம் வருவதே பெரிய விஷயம்.

கட்டுகிறவர் பக்கம் இதே கணக்கு தலைகீழ். 48 கோடி தர வேண்டியவர் 40 கோடி மதிப்பில் தந்து முடிக்கிறார். அந்தச் சுமையை உற்பத்தியாளர் சும்மா விடுவாரா? அடுத்த ஒப்பந்தம் போடும்போது, இந்த வாரியம் பணத்தை இழுக்கும் என்று யூனிட் விலையிலேயே கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். அந்தக் காசு வேறு எங்கும் போகாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் வீட்டுக்கு வரும் பில்லில் உட்காரும்.

கடைசியாக, உங்களிடமே ஒரு நிதிச் சொத்து இருக்கிறது. இணைப்பு வாங்கும்போது கட்டிய டெபாசிட். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 47-இன்படி அதற்குக் குறைந்தது வங்கி விகிதத்தில் வட்டி தர வேண்டும், இணைப்பை ஒப்படைத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் அது கடன். பலர் இருபது முப்பது வருடம் எடுக்கவே போவதில்லை என்று அதை மேலே செய்தது போலக் கழித்துக் குறைத்துக் காட்ட முடியுமா? கேட்டவுடன் தர வேண்டிய கடன் என்றால் முடியாது. அப்படிப்பட்ட கடனின் நியாய மதிப்பு, கேட்டால் தர வேண்டிய தொகைக்குக் கீழே போகக்கூடாது என்று இண்ட் ஏஎஸ் 113 தெளிவாகச் சொல்கிறது. டெபாசிட் ரசீது எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பீரோவில் தேடிப் பாருங்கள்.