பழைய காரின் தீந்தையை அகற்றுதல்: எந்த முறை, ஏன்?

மாணவர்களே, "பொருத்தமான முறையைத் தெரிவுசெய்து காரணம் தருக" என்று முடியும் வினாக்களைக் கடந்தகால வினாத்தாள்களில் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பலர் புள்ளிகளை இழப்பது முறை தெரியாததால் அல்ல. முறையின் பெயரை எழுதிவிட்டுக் காரணத்தை எழுதாமல் விடுவதால்தான். இதற்குப் பயிற்சியாக, நம் கண்முன்னே உள்ள ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கொச்சிக்கடையிலிருந்து மருதானைப் பக்கம் போய், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டி நடந்தால், பழைய காரின் தகரத்தை யாராவது தேய்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தப் பாஸ் என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்பதே இங்கு நம் வினா.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் காரைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 இல் அங்கு அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. இலங்கையில் அது முடியவில்லை என்றே சொல்லலாம். வாடகைக் காராகவும் வீட்டுக் காராகவும் பல தசாப்தங்கள் ஓடியது. 1990களில் இக்காரின் உடற்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சிகூட நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025 இல்தான் தனியார் கார்களுக்கு அது தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களைத் திருத்துவோருக்கு வேலை கூடியது.

தீந்தையை ஏன் முழுவதும் அகற்ற வேண்டும்? மேலே புதிதாக அடித்தால் போதாதா? மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. அடித்தளத் தகரமும் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அங்கு துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடித் தீந்தை அடித்தால் பார்வைக்குப் புதுக் கார். விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கப் பலம் இராது. விற்பவர் சொல்லமாட்டார். தீந்தையை உரித்தால்தான் உண்மை தெரியும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடலின் மேல் நகர்த்திப் பாருங்கள். உருக்கின் மேல் ஒட்டும். தடித்த பட்டியின் மேல் ஒட்டாது.

முறையைத் தெரிவுசெய்யுமுன் முதலில் கேட்க வேண்டியது, அடியிலுள்ள உலோகம் எது என்பது. மொறிஸ் மைனரின் உடல் உருக்கு. அதே 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவரின் உடலின் பெரும்பகுதி அலுமினியக் கலப்புலோகம். இரண்டும் ஒரே கராஜில் நிற்கலாம். எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, எண்ணெய் சார்ந்த பழைய தீந்தையைச் சவர்க்காரம் போலாக்கி இளக்கிவிடும், உருக்கைத் தாக்காது. ஆனால் அலுமினியம் காரத்துடன் தாக்கமுற்று ஐதரசன் வாயுவை வெளிவிட்டுக் கரையத் தொடங்கும். உருக்குக் காருக்குச் சரியான விடை லாண்ட் றோவருக்குப் பிழையான விடையாகும். மொறிஸ் மைனரின் 'ட்றவலர்' வகையில் பின்புறச் சட்டம் மரத்தாலானது. அதையும் தொட்டியில் அமிழ்த்த முடியாது.

அமிழ்த்தும் முறையின் சிறப்பு, கை எட்டாத மடிப்புகளுக்குள்ளும் திரவம் போய்விடுவது. அதன் குறையும் அதுவே. போன திரவம் முழுவதும் வெளியே வராது. தகரங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தும் இடங்களில் தங்கி, சில மாதங்களின் பின் புதுத் தீந்தையைக் கொப்புளமாக்கிக்கொண்டு கசியும். கழுவுதல், நடுநிலையாக்கல் ஆகிய படிகளை விடையில் எழுத மறவாதீர்கள்.

அடுத்து மணல் வீச்சு. அமுக்கிய வளியால் துணிக்கைகளை வேகமாக வீசித் தீந்தையையும் துருவையும் சேர்த்து அகற்றுவது இது. தடித்த இரும்புப் பாகங்களுக்கு மிக நல்லது. ஆனால் காரின் வெளித்தகரம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புடையது. பொனற், கூரை போன்ற அகன்ற தகரத்தில் இவ்வாறு வீசினால் அது நெளிந்துவிடும். வெப்பத்தால் நெளிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். முதன்மைக் காரணம் அதுவன்று. ஆயிரக்கணக்கான துணிக்கைகள் சிறு சுத்தியல்கள் போல் அடிப்பதால் ஒரு பக்க மேற்பரப்பு மட்டும் நீட்சியடைகிறது. மறுபக்கம் நீளாததால் தகரம் வளைகிறது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. கடல் மணலோ ஆற்று மணலோ பெரும்பாலும் சிலிக்கா. மோதும்போது அது உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நுரையீரலில் தங்கும். இதனால் வரும் சிலிக்கோசிசு நோய்க்குக் குணமில்லை. பிரித்தானியாவில் 1950 முதலே வீச்சு வேலைக்குச் சிலிக்கா மணலைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இவ்வேலை செய்யும் இளைஞரை நீங்கள் கண்டிருக்கலாம். அந்தக் கைக்குட்டை இத்தூசியைத் தடுக்காது. கானெற்று போன்ற வேறு துணிக்கைகளும் முறையான சுவாசக் கவசமும் தேவை.

மென்மையான துணிக்கையாக நம் சமையலறை அப்பச்சோடாவும் பயன்படுகிறது. நியூயோர்க் சுதந்திர தேவி சிலையை 1980களில் புதுப்பித்தபோது, உட்புறச் செப்புத் தகட்டில் இருந்த தீந்தைப் படைகளைத் திரவ நைதரசனால் குளிரவைத்து உதிர்த்தார்கள். அதனடியில் இருந்த தார்ப் படையை அப்பச்சோடா வீசி அகற்றினார்கள். ஒரே தகட்டில் இரண்டு படைகளுக்கு இரண்டு முறைகள்! அப்பச்சோடா தகரத்தை நெளிக்காது, ஆனால் துருவையும் அகற்றாது. நன்றாகக் கழுவாவிட்டால் மிஞ்சும் உப்பின் மேல் புதுத் தீந்தை ஒட்டாது.

பூசி உரிக்கும் இரசாயனப் பசைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழையவற்றில் வேகமாக வேலை செய்தது மெதிலீன் குளோரைட்டு. அது உடலினுள் காபனோரொட்சைட்டாகவும் மாறும்; அதன் ஆவியைச் சுவாசித்து மூடிய அறைகளில் பலர் இறந்திருக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2019 இல் வீட்டுப் பாவனைக்கான இத்தகைய பசைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அது இல்லாத பசைகள் மெதுவாகவே வேலை செய்யும். ஆயினும் என் தெரிவு அவையே. திறந்த வெளியும் கையுறையும் அவற்றுக்கும் தேவை.

வெப்பக் காற்றால் இளக்கிச் சுரண்டுவது மலிவு. ஆனால் பழைய கார்களில் மூட்டுகளை நிரப்ப ஈயக் கலவை பயன்பட்டது. அது உருகி வழியும். பழைய தீந்தையிலேயே ஈயம் இருக்கக்கூடும். அரத்தாளால் உலரத் தேய்த்தாலும் அந்த ஈயம் தூசியாக எழும், தேய்த்தவரின் உடையோடு வீட்டுக்கும் போகும். நீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், தகரமோ உடனே துருப்பிடிக்கத் தொடங்கும். இரண்டில் நான் தூசியையே தவிர்க்கச் சொல்வேன். துருவைப் பிறகு நீக்கலாம்.

எனவே கொச்சிக்கடை ஒழுங்கையில் நிற்கும் மொறிஸ் மைனருக்கு விடை இப்படி அமையலாம்: அகன்ற வெளித்தகரங்களுக்குப் பசையும் பின்னர் 80 ஆம் இலக்க அரத்தாளும், அடிப்பகுதிக்கும் சில்லுப் பாகங்களுக்கும் சிலிக்கா அல்லாத துணிக்கை வீச்சு, அதுவும் வீடுகளுக்கு நடுவே அன்றி அதற்கென உள்ள இடத்தில். உரித்த பகுதிக்கு அன்றே கீழ்ப்பூச்சு அடிக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய நம் பகுதியில் வளியில் ஈரமும் உப்பும் அதிகம். உப்பு மின்பகுபொருளாகத் தொழிற்பட்டுத் துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். காலையில் வெள்ளியாய் மின்னிய தகரம் மறுநாள் செம்மஞ்சளாய் நிற்கும்.

பயிற்சி வினாக்கள்
1. நுவரெலியாத் தோட்டமொன்றில் உள்ள 1950களின் லாண்ட் றோவரின் கதவிலிருந்து தீந்தையை அகற்ற எரிசோடாக் கரைசல் பொருத்தமானதா? காரணம் தருக.
2. மேற்குறித்த மொறிஸ் மைனரைக் கொழும்புக்குப் பதிலாகப் பதுளையில் திருத்துவதாயின், விடையின் எப்பகுதி மாறும்? எப்பகுதி மாறாது?