ஊசி போட்டால் விந்தணு ஏன் குறைகிறது?

டீ வரட்டும் தம்பி, அதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் யாரோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னார்களாம். ஆண் ஹார்மோன்தானே, கூடப் போட்டால் விந்தணுவும் கூடும் என்பது உங்கள் கணக்கு. கூடாது, குறையும், சிலருக்கு அடியோடு நின்றுவிடும்.

விரைக்குள் மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. குழாயின் உட்சுவரில் இருப்பவை செர்டோலி செல்கள். விந்தணுக்களை ஊட்டி வளர்ப்பவை. குழாய்களுக்கு இடையே இருப்பவை லேடிக் செல்கள், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பவை. 1850-ல் ஃப்ரான்ஸ் லேடிக்கும் 1865-ல் என்ரிகோ செர்டோலியும் விவரித்ததால் அந்தப் பெயர்கள்.

மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, லேடிக் செல்லுக்கு எல்.எச்., செர்டோலிக்கு எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். வந்ததும் லேடிக் செல் கொலஸ்டிராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றி, டெஸ்டோஸ்டிரோன் செய்யத் தொடங்கும். ஆமாம், ரிப்போர்ட்டில் பார்த்துப் பயப்படுகிறோமே, அதே கொலஸ்டிரால்தான்.

சுரந்தது பக்கத்திலேயே இருக்கும் குழாய்க்குள்ளும் இறங்குகிறது. அதனால் விரைக்குள் அதன் அளவு ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். எனக்கு வியப்பான இடம் இதுதான்: இவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் சூழ்ந்திருந்தும், வளரும் விந்தணுக்களிடம் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இல்லை. செர்டோலியிடம்தான் இருக்கிறது. செய்தியை அது வாங்கி, விந்தணுவுக்கு வேண்டியதைச் செய்கிறது. 2004-ல் எலிகளின் செர்டோலி செல்லில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் சுரந்துகொண்டுதான் இருந்தது. விந்தணு உருவாவது பாதியில் நின்றுபோனது.

செர்டோலியும் சும்மா இருப்பதில்லை. இன்ஹிபின் பி என்ற ஹார்மோனைச் சுரந்து, ‘எஃப்.எஸ்.எச். போதும்’ என்று பிட்யூட்டரிக்குத் தெரிவிக்கும். விந்தணு உற்பத்தி கெட்டால் இன்ஹிபின் குறையும், எஃப்.எஸ்.எச். ஏறும். குழந்தையில்லை என்று போகும் ஆண்களுக்கு டாக்டர் எஃப்.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். செர்டோலியின் உதவி விந்தணுவோடு நிற்பதில்லை; கருவில் இருக்கும்போதே லேடிக் செல்கள் சரியாக உருவாக, செர்டோலி அனுப்பும் சமிக்ஞை வேண்டும்.

இப்போது ஊசிக்கு வருவோம். மாடித் தொட்டியை லாரித் தண்ணீரால் நிரப்பினால் மிதவை மேலே ஏறும், மோட்டார் ஓடாது. அதுபோலத்தான், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருப்பதைக் கண்டு மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் குறைத்துவிடுகிறது. லேடிக் செல்கள் ஓய்கின்றன. ரத்த ரிப்போர்ட்டில் அளவு பிரமாதமாக இருக்கும், விரைக்குள்ளோ வறட்சி. ஊசி மருந்தால் அந்தப் பல மடங்கு அளவை உள்ளே எட்ட முடியாது.

இதையே கருத்தடையாக்க முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி. பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. தசைக்காகப் போடுகிறவர்கள் இதைவிடக் கூடுதலாகவே போடுகிறார்கள்! நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்காகும். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள்.

பிட்யூட்டரி சரியாக வேலை செய்யாமல் ஹார்மோன் குறைந்தவர் குழந்தை வேண்டும் என்றால், டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் தரமாட்டார். எல்.எச். போலவே லேடிக் செல்லை எழுப்பும் எச்.சி.ஜி. ஊசி போடுவார், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். சேர்ப்பார். அந்த எச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பது உங்கள் ஜிம்காரருக்குத் தெரியுமோ என்னவோ.