பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?

நாமக்கல் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். குழந்தை பிறக்கும். வீடு கொள்ளாத சந்தோஷம். அவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுவாள். "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்று வேப்பிலை அடிப்பார்கள்.

காத்தும் அல்ல, கருப்பும் அல்ல. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் பல மடங்கு பெருகும். பிரசவமானதும் சில நாளில் மளமளவென்று இறங்கிவிடும். அப்போது மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் ரசாயனங்களும் தடுமாறுகின்றன என்கிறார்கள் டாக்டர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனம் சோரும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

ஹார்மோன் எல்லாத் தாய்மாருக்கும்தான் இறங்குகிறது. சிலருக்கு மட்டும் ஏன் நோய்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவமான பெண்களில் 100-க்கு 11 பேருக்கு இந்த மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. வறுமை, மாமியாருடன் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை, ஆண் பிள்ளைக்கு ஆசைப்பட்டுப் பெண் பிறந்தது ஆகியவை இருந்த இடத்தில் நோய் அதிகம். ஹார்மோன் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டார் தப்பிக்க முடியாது!

அழுகை இரண்டு வாரத்தில் நின்றால் பயமில்லை. நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும். "நான் இருந்து என்ன பயன்?" என்று கேட்டால் அது தற்கொலை எண்ணமாக இருக்கலாம். அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்தும் உண்டு. 2022-ல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது.